நெஞ்சுவலி: இதயமா, நுரையீரலா, வெறும் சதைப்பிடிப்பா?

நெஞ்சு வலிக்கிறது என்று வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது, "எந்த இடம்னு கையை வச்சுக் காட்டுங்க" என்பதுதான். காட்டுகிற விதத்திலேயே பாதி தெரிந்துவிடும். ஒற்றை விரலை வைத்து, "இங்கதான் சிஸ்டர், இந்த எலும்பு ஓரமா" என்று ஒரு புள்ளியைக் காட்டினால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வரும். உள்ளங்கையை விரித்தோ, முஷ்டியை மடக்கியோ நடுநெஞ்சில் வைத்து, "அழுத்துது, எப்படின்னு சொல்லத் தெரியல" என்றால், ஈ.சி.ஜி. மெஷினை இழுத்துக்கொண்டேதான் அடுத்த கேள்வியைக் கேட்பேன்.

ராஜபாளையம் பக்கம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள் நான். பெரும்பாலும் நெஞ்சக நோய் வார்டு. பஞ்சு மில்லுக்காரர்கள், சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணித் தறிக்காரர்கள், விறகடுப்பு ஊதியே நெஞ்சு கெட்டுப்போன பாட்டிமார்கள் என்று எல்லோரும் வருவார்கள். நோயைக் கண்டுபிடிப்பது டாக்டர் வேலை, அதில் நான் தலையிடவில்லை. எப்போது ஓட வேண்டும், எப்போது காலை வரை பொறுக்கலாம், போன இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்பது வீட்டில் இருக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் இதயத்தை ஒதுக்குங்கள்

நான் பார்த்தது பெரும்பாலும் நுரையீரல் நோயாளிகளைத்தான் என்றாலும் வரிசை இதுதான். நடுநெஞ்சில் அழுத்தம், இறுக்கம் அல்லது எரிச்சல், அது இடது தோள், கை, தாடை, முதுகு என்று பரவுவது, குளிர்ந்து வியர்ப்பது, வாந்தி வருகிற மாதிரி இருப்பது, மாடிப்படி ஏறும்போது கூடி, உட்கார்ந்தால் குறைவது. இவற்றில் எது இருந்தாலும் மாரடைப்பாக இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோயாளிகள், பெண்கள், வயதானவர்கள் விஷயத்தில் வலியே இல்லாமலும் வரும். திடீரென்று மூச்சு முட்டும், அடித்துப் போட்ட மாதிரி அசதி இருக்கும், வயிறு உப்புசமாகத் தெரியும், அவ்வளவுதான்.

நம் வீடுகளில் இதற்கு முதல் வைத்தியம் சோடா. அடுத்தது ஓமத் தண்ணீர். "வாயுப் பிடிப்புதான், படுத்தா சரியாகும்" என்று முதுகைத் தேய்த்துவிடுவார்கள். வாயுவாகவே இருந்தாலும் ஒரு ஈ.சி.ஜி. எடுப்பதால் நஷ்டம் ஒன்றும் இல்லை. 108-க்குக் கூப்பிடுங்கள். ஆளை நடக்க விடாதீர்கள், மாடியிலிருந்து இறங்கச் சொல்லாதீர்கள், பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோகாதீர்கள். ஆம்புலன்ஸ் வருகிற வரை முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்து உட்காரட்டும்.

தமிழ்நாட்டில் 2023-இல் 'இதயம் காப்போம்' திட்டம் வந்த பிறகு, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். அந்த மாத்திரைகளை நீங்களாகக் கடையில் வாங்கிப் போடாதீர்கள். வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசிந்தாலும், இதயத்திலிருந்து கிளம்புகிற பெரிய ரத்தக்குழாய் கிழிந்தாலும்கூட நெஞ்சு வலிக்கும். அங்கே ரத்தத்தை இளக்குகிற மாத்திரை ஆளையே கொன்றுவிடும். இன்னொன்று: முதல் ஈ.சி.ஜி. நன்றாக இருந்தால் தப்பித்துவிட்டோம் என்று கிளம்பிவிடக் கூடாது. சில மணி நேரம் வைத்திருந்து, மறுபடி ஈ.சி.ஜி.யும், இதயத் தசை பாதிக்கப்பட்டதா என்று காட்டுகிற ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் எடுப்பார்கள். "சும்மா உட்கார வைக்கிறாங்க" என்று சண்டை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்களைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்.

நுரையீரலுக்கு வலிக்காது

இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. நுரையீரல் சதைக்குள் வலியை உணர்கிற நரம்பு கிடையாது. அதனால்தான் புகைக்கிறவருக்கு உள்ளே கட்டி வளர்ந்தாலும் வெகுநாள் வெளியே தெரிவதில்லை. வலி தெரிவது விலா எலும்புக்கு உட்புறமாக ஒட்டியிருக்கிற மெல்லிய உறையில். அந்த உறையில் அழற்சி வந்தால், மூச்சை இழுக்கும்போது ஊசி குத்துகிற மாதிரி 'சுருக்' என்று இழுக்கும். இருமினால், தும்மினால், சிரித்தால் கூடும். அப்படி வலிக்கிறவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, விலாவைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சை அரைகுறையாக இழுப்பார். கதவைத் தாண்டி உள்ளே வரும்போதே கண்டுபிடித்துவிடலாம்.

இந்த வலியோடு குளிர்க்காய்ச்சலும் துருப்பிடித்த நிறத்தில் சளியும் இருந்தால் நிமோனியாவாக இருக்கலாம். காய்ச்சல் லேசாக, அதுவும் சாயங்காலமானால் மட்டும் வந்து, உடம்பும் இளைத்துக்கொண்டே போனால் காசநோய் அந்த உறையைப் பிடித்திருக்கலாம். நம் நாட்டில் வாலிப வயதுப் பிள்ளைகளுக்கு இது அதிகம்.

இங்கே வீட்டுக்காரர்கள் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. விலாவலி நாலைந்து நாள் படுத்தி எடுத்துவிட்டு, தானாகக் குறையும். "அய்யா புண்ணியத்துல வலி போயிருச்சு" என்பார்கள். ஆனால் படி ஏறினால் மேல்மூச்சு வாங்கும், ஒரு பக்கமாகப் படுத்தால்தான் தூக்கம் வரும். நடந்தது என்னவென்றால், உறையின் இரண்டு அடுக்குகளுக்கும் நடுவே நீர் கோர்த்துவிட்டது. உரசிக்கொண்டிருந்த அடுக்குகளை நீர் பிரித்துவைத்ததால் வலி போயிற்று. நீர் நுரையீரலை நெருக்குவதால் மூச்சு வாங்குகிறது. வலி குறைந்து மூச்சு வாங்குவது கூடினால் அது குணமாகிற அறிகுறி அல்ல. அன்றைக்கே எக்ஸ்ரே எடுங்கள்.

நீர் எடுப்பதற்குப் பயப்பட வேண்டாம். நோயாளியை உட்கார வைத்து, முன்னால் மேஜையில் தலையணை போட்டுக் கவிழ்ந்துகொள்ளச் சொல்வோம். முதுகில் மரத்துப்போகிற ஊசி போட்டு, விலா எலும்புகளுக்கு நடுவே டாக்டர் ஊசியை விடுவார். வெளிர் மஞ்சளாக நீர் இறங்கும். அந்த நேரத்தில் இருமல் வந்தால் அடக்காமல் உடனே சொல்லிவிட வேண்டும், ஊசியை நிறுத்திக்கொள்வார்கள். "நீர் எடுத்தா உடம்புல சத்துப் போயிரும்" என்று கையெழுத்துப் போட மறுத்த அண்ணாச்சி ஒருவர், எடுத்து முடித்ததும் நெடுநாளைக்குப் பிறகு மல்லாந்து படுத்துத் தூங்கினார்.

மூச்சை எண்ணுவது எப்படி

வலி எவ்வளவு என்று பத்துக்கு மார்க் போடச் சொல்வதைவிட எனக்கு மூச்சின் எண்ணிக்கை மேல். அதற்குக் கருவி வேண்டாம், கடிகாரம் போதும். ஒரே நிபந்தனை, எண்ணுவது அவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் மூச்சை மாற்றிவிடுவார். நாடி பிடிக்கிற மாதிரி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை நெஞ்சிலோ வயிற்றிலோ வையுங்கள். ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. முழு 60 விநாடி எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குகிற சோம்பேறித்தனம் இங்கே உதவாது.

சும்மா உட்கார்ந்திருக்கிற பெரியவருக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை சரி. 25-ஐத் தாண்டினால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். 30-ஐத் தொட்டால் ஆம்புலன்ஸ். குழந்தைகளுக்குக் கணக்கு வேறு: 2 மாதத்துக்குள் 60, அதற்கு மேல் 1 வயது வரை 50, 5 வயது வரை 40. இந்த அளவைத் தொட்டாலோ தாண்டினாலோ வேகமான மூச்சு என்று அர்த்தம். பிள்ளை மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்வாங்கிக் குழி விழுந்தால், எண்ணிக்கொண்டு இருக்காமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்ஸிமீட்டர் பல வீடுகளில் அலமாரியில் கிடக்கும். பேட்டரி மாற்றி வையுங்கள். நகப்பாலிஷ் இருந்தால் அழித்துவிட்டு, கை ஜில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்கி, விரலை விட்டு எண் ஓரிடத்தில் நிற்கிற வரை அசையாமல் இருங்கள். 95-க்கு மேல் நல்லது. 94-க்குக் கீழே நின்றால் அன்றைக்கே டாக்டர். 90-க்குக் கீழே என்றால் 108. கறுத்த தோலில் இந்தக் கருவி கொஞ்சம் கூட்டிக் காட்டும், நம்மில் பலருக்கு இது பொருந்தும். எண் நன்றாக இருந்து ஆள் திணறினால் ஆளை நம்புங்கள். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள சிலருக்கு 88 முதல் 92 வரை இருந்தால் போதும் என்று டாக்டரே சொல்லியிருப்பார். அவர்களுக்கு வீட்டில் ஆக்சிஜனை இஷ்டத்துக்குக் கூட்டி வைப்பது ஆபத்து.

எண்ணுவதற்கெல்லாம் நேரமில்லாத சங்கதி இரண்டு. ஒல்லியாக, உயரமாக வளர்ந்த பையனுக்குத் திடீரென்று ஒரு பக்கம் 'வெடுக்' என்று வலித்து மூச்சு முட்டினால், நுரையீரலில் ஓட்டை விழுந்து உறைக்குள் காற்று புகுந்திருக்கலாம். ஆபரேஷன் முடிந்தோ, காலில் மாவுக்கட்டுப் போட்டோ, பிரசவம் ஆகியோ படுக்கையில் இருந்தவருக்கு ஒரு கால் மட்டும் வீங்கி, பிறகு திடீரென்று மூச்சுத் திணறல் வந்தால், காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரல் குழாயைப் போய் அடைத்திருக்கலாம். இரண்டுக்கும் பெரிய ஆஸ்பத்திரிதான். அந்தக் காலைத் தேய்த்துவிடவே கூடாது.

இளைப்பும் இன்ஹேலரும்

விடியற்காலையில் வீசிங், நெஞ்சு இறுக்கம், தூசு பட்டால் இருமல், இடையில் நாள் கணக்கில் ஒன்றுமே இல்லை என்றால் ஆஸ்துமா பக்கம் யோசிக்கலாம். வருடக்கணக்காகச் சளியும் இருமலும் இருந்து, நடக்கிற தூரம் குறைந்துகொண்டே வந்தால் அடைப்பு நோய். பீடி, சிகரெட்டைத் தொடாத பெண்களுக்கும் அது வரும். விறகு, வரட்டிப் புகையும் நெஞ்சைக் கெடுக்கும். மில்லில் பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்கிற ப்ளோ ரூம், கார்டிங் பக்கம் வேலை செய்கிறவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள். வார லீவு முடிந்து போகிற முதல் நாள் நெஞ்சு இறுக்கும், அடுத்தடுத்த நாள் தேவலை. பஞ்சுத் தூசு நோயின் அடையாளமே அந்த முதல் நாள்தான். டாக்டரிடம் எந்த டிபார்ட்மெண்ட், எத்தனை வருடம் என்று சேர்த்துச் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

"இன்ஹேலர் பழகிட்டா விட முடியாது, அது கடைசி ஸ்டேஜுக்கு" என்ற பேச்சை நான் எத்தனை பேரிடம் மறுத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. இளைப்புக்குக் கொடுக்கிற சால்பியூட்டமால் மாத்திரை 2 அல்லது 4 மில்லிகிராம். இன்ஹேலரில் ஒரு பஃப் 100 மைக்ரோகிராம், அதாவது 2 மில்லிகிராம் மாத்திரையில் இருபதில் ஒரு பங்கு. நேராகக் குழாய்க்கே போவதால் அதுவே போதுகிறது. மாத்திரையில் வருகிற கை நடுக்கமும் படபடப்பும் இதில் குறைவு.

மருந்து வேலை செய்யவில்லை என்று வருகிறவர்களில் பலருக்கு உறிஞ்சுகிற விதம்தான் தப்பாக இருக்கும். மூடியைக் கழற்றி நன்றாகக் குலுக்குங்கள். மூச்சை முழுதாக வெளியே விடுங்கள், முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுகிற படி இது. உதட்டால் இறுகக் கவ்வி, மெதுவாக இழுக்க ஆரம்பிக்கும்போது அமுக்குங்கள். இழுத்து முடித்து 10 விநாடி அடக்குங்கள். இரண்டாவது பஃப் வேண்டுமானால் அரை நிமிடம் பொறுத்து மறுபடி குலுக்கிவிட்டு எடுங்கள். வாயிலிருந்து புகை மாதிரி வெளியே வந்தால் மருந்து உள்ளே போகவில்லை. குழந்தைகளுக்கும் கை நடுங்குகிறவர்களுக்கும் ஸ்பேஸர் (இன்ஹேலரில் மாட்டி உறிஞ்சுகிற பிளாஸ்டிக் குடுவை) வாங்கிக்கொடுங்கள். தினமும் எடுக்கிற ஸ்டீராய்டு பஃப்புக்குப் பிறகு வாய் கொப்பளித்துத் துப்பாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும்.

இளைப்பு கூடிவிட்டால் படுக்க வைக்காமல் நிமிர்த்தி உட்கார வையுங்கள். அவசரத்துக்கு எடுக்கிற பஃப்பை ஸ்பேஸரில் ஒவ்வொன்றாக 4 தடவை, ஒவ்வொன்றுக்கும் 4 மூச்சு. 4 நிமிடம் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் இன்னொரு சுற்று. அப்போதும் அடங்கவில்லை, ஒரு வாக்கியத்தைக்கூட முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, வருகிற வரை பஃப்பைத் தொடருங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல்

டானிக் பாட்டிலை மாற்றி மாற்றி வாங்காமல் சளிப் பரிசோதனைக்குப் போங்கள். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். காலையில் எழுந்ததும், வாய் கொப்பளித்துவிட்டு, ஆழமாக மூச்சு இழுத்து அடிநெஞ்சிலிருந்து இருமி எடுக்க வேண்டும். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் ரிசல்ட் சும்மா 'நெகட்டிவ்' என்று வரும். டப்பாவை எடுத்துக்கொண்டு வெட்டவெளிக்குப் போய் இருமுங்கள், வீட்டுக்குள் வேண்டாம். காசநோய்க்கு நெஞ்சு வலித்தே ஆக வேண்டும் என்று இல்லை. சளியில் ரத்தம் தெரிந்தால் இரண்டு வாரக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம், உடனே போங்கள்.

டி.பி. என்று எழுதிவிட்டால் தட்டு, டம்ளரைத் தனியாக வைப்பதும் மருமகளைத் தாய்வீட்டுக்கு அனுப்புவதும் இன்னும் நடக்கிறது. தாம்பரத்தில் 1928-இல் காசநோயாளிகளைத் தங்க வைத்துப் பார்க்கிற சானடோரியம் தொடங்கியபோது ஆளை ஊரைவிட்டுப் பிரித்து வைப்பதைத் தவிர வேறு பெரிய வைத்தியம் இல்லைதான். ஆனால் வீட்டில் இருந்தே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் இருப்பது போலவே குணமாகிறது என்று சென்னையில் நடந்த ஆய்வே 1959-இல் காட்டிவிட்டது. வீட்டில் உள்ளவர்களுக்கும் அதனால் கூடுதல் ஆபத்து இல்லை என்பது அடுத்து வந்த ஆய்வில் தெரிந்தது. சாதாரண வகைக்கு 6 மாத மருந்து, நடுவில் நிறுத்தக் கூடாது. சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். பதிவு செய்யும்போதே பாஸ்புக்கைக் கொடுத்துவிடுங்கள்.

பயமில்லாத வலி

அமுக்கினால் அதே வலி, கையைத் தூக்கித் திரும்பினால் அதே வலி, முந்தின நாள் சிமெண்ட் மூட்டை தூக்கியிருக்கிறார் அல்லது வாரம் முழுக்க இருமியிருக்கிறார் என்றால் சதையோ விலா எலும்பின் குருத்தெலும்போதான் பெரும்பாலும். சூட்டு ஒத்தடம், ஓய்வு, ஒரு பாராசிட்டமால் போதும். ஆனால் சர்க்கரை, பிரஷர் இருக்கிறவர், நாற்பதைத் தாண்டியவர் என்றால், அமுக்கினால் வலிக்கிறது என்பதை மட்டும் நம்பி வீட்டில் இருக்க வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் பட்டையாகத் தீப்பட்ட மாதிரி எரிந்து, இரண்டு மூன்று நாளில் கொப்புளம் வந்தால் அது அக்கி. அதற்கான மருந்தைக் கொப்புளம் வந்த முதல் 3 நாளுக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். செம்மண் பூசிக் காத்திருந்தால் அந்த நாட்கள் போய்விடும்.

டாக்டரிடம் போகும்போது, வலி வந்தபோது என்ன செய்துகொண்டிருந்தார், மூச்சு இழுத்தால் கூடுகிறதா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். "அந்த வெள்ளை மாத்திரை" என்றால் எங்களுக்குத் தெரியாது, அட்டையோடு கொண்டுவாருங்கள். பழைய எக்ஸ்ரே ஃபிலிமையும் எடுத்துக்கொள்ளுங்கள். மெத்தைக்கு அடியில் மடங்கிக் கிடந்தாலும் பரவாயில்லை. இன்றைக்குத் தெரிகிற நிழல் பத்து வருடத்துக்கு முந்திய தழும்பா, புதிதாக வந்ததா என்பதை அந்தப் பழைய படத்தோடு வைத்துப் பார்த்துத்தான் டாக்டர் சொல்வார். அது கையில் இருந்தால் ஒரு சி.டி. ஸ்கேன் செலவே மிச்சமாகலாம்.