ஆங்கிலத்தில் அரசியல் பேசக் கற்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

நேர்காணலுக்கும் குழு விவாதத்துக்கும் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. அந்தக் காலத்தில் எங்கள் செட் செய்த அதே தவறுகளை, ஒவ்வொரு புது வகுப்பிலும் பிள்ளைகள் திரும்பச் செய்கிறார்கள். உச்சரிப்பு, எழுத்துப்பிழை பற்றி இங்கே பேசப்போவதில்லை. அவை பழகப் பழகச் சரியாகிவிடும். யாராவது எடுத்துச் சொன்னால் ஒழியச் சரியாகாதவை சில உண்டு.

ஒரு சொல்லுக்கு ஒரே அர்த்தம் எழுதி வைப்பது

இதைத்தான் இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. நோட்டில் நடுவே கோடு போட்டு, இடது பக்கம் ஆங்கிலச் சொல், வலது பக்கம் ஒரே ஒரு தமிழ்ச் சொல். கடை கண்ணிக்குப் போய்வர இது போதும். அரசியல் சொற்கள் நாட்டுக்கு நாடு வேறு வேறு சண்டைகளில் வளர்ந்தவை.

'லிபரல்' என்றால் அமெரிக்காவில் இடதுபக்கம் சாய்ந்தவர். ஆஸ்திரேலியாவில் 1944-இல் ராபர்ட் மென்சிஸ் முன்னின்று உருவாக்கிய லிபரல் கட்சியோ வலதுபக்கம் நிற்பது. 'ரிப்பப்ளிகன்' அமெரிக்காவில் ஒரு கட்சிக்காரர். வட அயர்லாந்தில், அயர்லாந்து முழுக்க ஒரே நாடாக வேண்டும் என்பவர். ஆஸ்திரேலியாவில், மன்னர் நாட்டின் தலைவராக இருக்கக் கூடாது என்பவர். 'இம்பீச்' என்பதற்குப் 'பதவி நீக்கம்' என்று எழுதி வைக்கிறார்கள். அமெரிக்காவில் அது குற்றம் சாட்டுவதோடு நிற்கிறது. 1998-இல் கிளின்டனும், 2019, 2021 என இரண்டு முறை டிரம்பும் அப்படிக் குற்றம் சாட்டப்பட்டார்கள். மூன்று முறையும் செனட் விடுவித்துவிட்டது.

நம் ஊர்ச் சொல்லே காலை வாரும். 'கம்யூனல்' நம் பத்திரிகைகளில் மதக் கலவரச் செய்தியோடு வருகிறது. லண்டனில் 'கம்யூனல் கார்டன்' என்றால் குடியிருப்பின் பொதுத் தோட்டம். பழைய சென்னை மாகாணத்தின் 'கம்யூனல் ஜி.ஓ.' இரண்டும் இல்லை. சமூகவாரியாக இடம் ஒதுக்கிய அரசாணை அது. 1951-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அதே ஆண்டு அரசியலமைப்பின் முதல் திருத்தம் வழியாக, பின்தங்கியவர்களுக்கு அரசு சிறப்பு ஏற்பாடு செய்ய இடம்கொடுக்கும் 15(4) பிரிவு வந்தது. ஒரு மாணவன் அந்த அரசாணையை 'மதவெறி ஆணை' என்று புரிந்துகொண்டு ஒரு கட்டுரையையே எழுதிக் கொண்டுவந்தான். அவன் நோட்டில் அந்த ஒரு அர்த்தம்தான் இருந்தது.

இதைவிட வலித்தது இன்னொன்று. வெளிநாட்டு உதவித்தொகை நேர்காணலில் ஒரு மாணவியிடம், உங்கள் மாநிலத்தின் சமூகக் கொள்கை ஒன்றைச் சொல்லுங்கள் என்றார்கள். 'ரிசர்வேஷன், 69 சதவீதம்' என்றாள். கேட்டவருக்குப் பிடிபடவில்லை. அவர் அறிந்த ரிசர்வேஷன் ஹோட்டல் முன்பதிவு, இல்லாவிட்டால் மனத்தயக்கம். என்ன தயக்கம் என்று கேட்டார். அவள் பதறிப்போய் அதே சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்ல, நேரம் முடிந்துவிட்டது. உதவித்தொகையும் கிடைக்கவில்லை. மண்டல் குழுவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசக்கூடிய பெண் அவள். 'பின்தங்கிய சமூகங்களுக்குக் கல்வியிலும் அரசு வேலையிலும் சட்டப்படி ஒதுக்கும் இடங்கள்' என்று அந்தச் சொல்லே இல்லாமல் ஆங்கிலத்தில் ஒரு வரி பழகியிருந்தால் தப்பித்திருப்பாள்.

அதனால் நோட்டில் கோடு போடாதீர்கள். சொல், அது வந்த முழு வாக்கியம், எந்த நாட்டில் யார் சொன்னது, அப்புறம் அந்தச் சொல் இல்லாமல் ஒரு வரி விளக்கம். ஒரு சொல்லுக்கு அரைப் பக்கம் ஆனாலும் பரவாயில்லை.

கூட வரும் சொல்லை விட்டுவிடுவது

சட்டம் எப்படிப் போனாலும் 'கேன்சல்' என்கிறார்கள். மூன்று வேளாண் சட்டங்களை 2021-இல் நாடாளுமன்றம் திரும்பப் பெற்றது, அதற்கு 'ரிப்பீல்'. தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024-இல் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. அதற்கு 'ஸ்ட்ரைக் டவுன்'. வினைச்சொல் சரியாக இருந்தால், செய்தது நாடாளுமன்றமா நீதிமன்றமா என்பது கேட்பவருக்கு உடனே புரியும். 'சேங்ஷன்' கதையும் இதுதான். பேங்கில் லோன் சேங்ஷன் ஆனால் ஒப்புதல். ஒரு நாட்டின் மீது சேங்ஷன்ஸ் 'இம்போஸ்' செய்தால் தடை.

சாய்ந்த சொல்லை நடுநிலைச் சொல் என்று நம்புவது

'ரெஜீம்' என்று சொன்னாலே அந்த அரசை உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று அர்த்தமாகிவிடும். 'ஃப்ரீபீஸ்', 'வெல்ஃபேர் ஸ்கீம்' இரண்டும் ஒரே திட்டத்தைக் குறிக்கலாம். இலவசம், நலத்திட்டம் என்று நாம் தமிழில் பிரிப்பது போலத்தான். உங்கள் கருத்து எதுவானாலும் சரி. அதைத் தெரிந்தே சொல்லுங்கள்.

பெரிய சொல்லாகத் தேடிப் போடுவது

வேண்டாம்.

டிவி விவாதத்தைப் பார்த்துக் கற்பது

நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் ஒரு முழு வாக்கியம் காதில் விழாது. எழுத்தில் உள்ள உரைகளைப் படியுங்கள். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் ஆற்றிய உரை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அரசியல் ஜனநாயகம் வேறு, சமூக ஜனநாயகம் வேறு என்று அவர் விளக்கும் பகுதியை எடுத்துக்கொண்டு, 'டெமாக்ரசி', 'ஈக்வாலிட்டி' என்ற சொற்களோடு அவர் எந்தெந்த வினைச்சொற்களைச் சேர்க்கிறார் என்று அடிக்கோடு போடுங்கள். புது நோட்டின் முதல் பக்கத்துக்கு அதுவே போதும்.