பரோக் காலத் தீசிஸ் தாளைப் படிப்பது எப்படி

17, 18ஆம் நூற்றாண்டுகளில் பிராக், சால்ஸ்பர்க், டில்லிங்கன் போன்ற கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களில் பட்டம் பெறும் மாணவர் தன் கருத்துரைகளைச் சபையில் வாதிட்டு நிறுவ வேண்டும். அந்த வாதத்துக்காக அச்சடித்த பெரிய படத்தாள்தான் தீசிஸ் தாள். அதுவே அழைப்பிதழ், அதுவே புரவலருக்கான காணிக்கை. சில தாள்கள் ஒரு மீட்டரைத் தாண்டும். பலரும் மேலேயுள்ள தேவதைகளையும் அரசரையும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கீழிருந்து மேலே படித்தால்தான் இந்தத் தாள் பிடிபடும்.

முதலில் எழுத்துப் பகுதி. மிகப் பெரிய எழுத்தில் இருப்பது மாணவர் பெயர் அல்ல, புரவலர் பெயர். எழுத்து லத்தீனில் இருக்கும்; 'லியோபோல்டோ' என்று இருந்தால் 'லியோபோல்டுக்கு' என்று பொருள். அச்சுச் செலவை அவர் ஏற்பார் என்ற எதிர்பார்ப்பும் அதில் அடக்கம். மாணவர் பெயர் அர்ப்பணிப்பின் முடிவில், கடிதத்தில் ஒப்பமிடுவதுபோலச் சிறிதாக வரும். 'ப்ரேசெஸ்' என்ற சொல்லை ஒட்டியிருப்பவர் வாதத்துக்குத் தலைமை வகித்த பேராசிரியர். கருத்துரைகளைப் பல சமயம் அவரே எழுதியிருப்பார். அதனால் அவற்றை மாணவரின் சொந்த ஆய்வாகக் கொள்ளாதீர்கள். நாளும் மணியும் வரவேண்டிய இடம் சில தாள்களில் காலியாக விடப்பட்டு, பிறகு பேனாவால் நிரப்பப்பட்டிருக்கும். அந்த மையை அழுக்கு என்று துடைத்துவிடக் கூடாது.

ஆண்டு தெரியவில்லையா? வாக்கியத்தின் நடுவே சில எழுத்துகள் மட்டும் காரணமின்றிப் பெரிதாக இருக்கின்றனவா பாருங்கள். அவை ரோமன் எண்கள்: ஐ 1, வி 5, எக்ஸ் 10, எல் 50, சி 100, டி 500, எம் 1000. வரிசையைப் பொருட்படுத்தாமல் எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். 'டுக்ஸ்' என்ற சொல்லில் டி, வி, எக்ஸ் மூன்றும் பெரிதாக இருந்தால் 515. யு எழுத்து வி ஆகவே எழுதப்படும்; அதை விட்டுவிட்டால் ஆண்டு ஐந்தைந்தாகக் குறையும்.

அடுத்து, படத்தின் அடி ஓரத்துக் கையொப்பங்கள். 'பின்க்சிட்' ஓவியர், 'டெலினியாவிட்' வரைந்தவர், 'ஸ்கல்ப்ஸிட்' செப்புத்தகட்டில் செதுக்கியவர், 'எக்ஸ்குடிட்' வெளியிட்டவர். பிராக் வாதத்துக்கான தாளில் ஜெர்மன் நகரான ஆக்ஸ்பர்க்கின் செதுக்குநர் பெயர் இருப்பது வழக்கம்தான். பிராகில் கரேல் ஷ்க்ரேட்டா வரைந்ததை ஆக்ஸ்பர்கில் பார்தொலொமேயுஸ் கிலியான் செதுக்கினார்.

இனி 10 மடங்கு பூதக்கண்ணாடி. கோடு நடுவில் தடித்து முனையில் ஊசியாக முடிந்தால் உளியால் செதுக்கியது. ஒரே தடிமனில் போய் மழுங்கி முடிந்தால் அமிலம் அரித்தது. கோடே இல்லாமல் வெல்வெட் போன்ற கறுப்பிலிருந்து ஒளி எழுந்தால் மெஸோடின்ட்; தகடு முழுவதையும் சொரசொரப்பாக்கி, ஒளி வேண்டிய இடங்களை மட்டும் வழவழப்பாக்கும் முறை இது. எலியாஸ் கிறிஸ்டோஃப் ஹைஸ் இதில் தேர்ந்தவர். மெஸோடின்ட் தகட்டின் சொரசொரப்பு அழுத்தத்தில் விரைவில் தேயும். அதனால் பிந்திய பிரதிகளில் கறுப்பு சாம்பலாகி, முகங்கள் தட்டையாகும். நல்ல பிரதியிலும் அந்தக் கறுப்பை விரலால் தேய்த்தால் பளபளக்கும் தழும்பு விழும், திரும்பச் சரியாகாது.

டார்ச்சைத் தாளின் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடியுங்கள். ஈரத்தாளில் செப்புத்தகடு பதிந்த பள்ளம் ஓரமெங்கும் தெரியும். படத்துக்கும் எழுத்துக்கும் இடையில் இன்னொரு பள்ளம் ஓடினால், இரண்டும் தனித்தனித் தகடுகள். இதுதான் முக்கியமான தடயம். ஆக்ஸ்பர்க் வெளியீட்டாளர்கள் படத்தகட்டைக் கையிருப்பில் வைத்து, எழுத்தை மட்டும் ஒவ்வொரு மாணவருக்கும் மாற்றினார்கள். அப்படியானால் படத்தின் பொருளை வைத்து அந்த மாணவரின் தத்துவத்தை ஊகிப்பது வீண். இந்தப் பள்ளத்தை அழித்துவிடும் என்பதால் தாளை நனைத்து அழுத்தி நிமிர்த்த வேண்டாம்.

எழுத்துப் பகுதியை வெட்டியெறிந்துவிட்டுப் படத்தை மட்டும் சட்டமிட்ட பிரதிகள் நிறைய உண்டு. பிராக் கிளெமென்டினத்தின் தேசிய நூலகத்தில் பெரிய தீசிஸ் தாள் தொகுப்பு இருக்கிறது. இது போன்ற இடங்களில் முழுப் பிரதி கிடைத்தால் தகட்டின் கீறல்களை ஒப்பிடலாம். தகடு ஒன்றே என்று உறுதியானாலும், அதிலுள்ள மாணவர் பெயரை உங்கள் பிரதிக்குச் சூட்டாதீர்கள். 'எழுத்துத் தகடு இல்லை, மாணவர் தெரியவில்லை' என்றே பதியுங்கள்.