தட்டில் ஒரு துண்டு மலைச்சரிவு: வீட்டில் பாசி வளர்க்கும் முறை

மலையகத்தில் இருந்துகொண்டு பாசி வளர்ப்பதற்கு வழிமுறை எழுதுவதைப் பார்த்து எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சிரிக்கத்தான் செய்தார்கள். கவ்வாத்து வெட்டிய மலையில் தேயிலைத் தண்டோடு ஒட்டிக்கிடக்கும் பாசியைச் சுரண்டி எடுப்பதையே ஒரு வேலையாகச் செய்தவர்கள் அவர்கள். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்கு இறங்கும் படிகளை மழைக்காலம் முழுவதும் தேய்த்துக் கழுவியவர்களும் அவர்களே. ஆயினும், வேண்டாத இடத்தில் தானாக வந்து செழிக்கும் அதே பாசி, நாம் விரும்பிய தட்டுக்கு மாற்றியதும் மூன்றே வாரத்தில் பழுப்பேறிப் போவதை ஹட்டன் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டு இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) நான் பலமுறை கண்டிருக்கிறேன். கவனக்குறைவால் அது கெட்டதில்லை. பூச்செடிக்குச் செய்யும் உபசாரங்களையெல்லாம் பாசிக்கும் செய்ததால்தான் கெட்டது.

முதலில், எதை எடுக்கப் போகிறோம் என்பதில் தெளிவு வேண்டும், ஏனெனில் நம் பேச்சில் பாசி என்ற ஒரே சொல் பலவற்றைக் குறிக்கிறது. படியில் கால் வழுக்கச் செய்யும் பச்சைப் படலம் அல்கா. பாறையிலும் மரப்பட்டையிலும் தேமல் போலப் படர்ந்திருக்கும் சாம்பல்நிறத் திட்டு லைக்கன். இங்கே பேசப்படுவது, உற்றுப் பார்த்தால் சிறு தண்டும் அதைச் சுற்றி இலைகளும் தெரிகிற, தொட்டால் பஞ்சு போலவோ கம்பளம் போலவோ இருக்கிற தாவரம். உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்கள் பொகோனேற்றம் என்ற பாசியை வரைந்து பாகங்குறித்ததை மறந்திருக்க மாட்டார்கள். வீதிக்காக வெட்டிய மண்சரிவுகளில், விரல் நீளம்கூட இல்லாத பைன் கன்றுகள் கூட்டமாக முளைத்ததைப் போல நிற்பது அதுதான்.

பாசிக்கு உண்மையான வேர் கிடையாது. அடியில் உள்ள நூல் போன்ற வேர்ப்போலிகளின் முதன்மையான வேலை, பிடித்துக்கொண்டு நிற்பதே. நீரையும் கனிமங்களையும் அது பெரும்பாலும் உடல் முழுவதாலும் உறிஞ்சுகிறது. பெரும்பாலான பாசிகளின் இலை ஒரேயொரு கல அடுக்கின் தடிப்புத்தான். இதை நம்ப முடியாதவர்கள், வெயிலில் காய்ந்து சுருண்ட பாசித் துணுக்கொன்றை மதிலிலிருந்து எடுத்து, வெள்ளைப் பீங்கான் தட்டில் வைத்து, நான்கைந்து சொட்டு மழைத்தண்ணீர் விட்டுப் பார்க்கலாம். தண்டை ஒட்டி முறுக்கிக் கிடந்த இலைகள் ஒவ்வொன்றாக விலகி விரியத் தொடங்கும். பழுப்புக்குள்ளிருந்து பச்சை மேலெழும். தேநீர் ஆறுவதற்குள் அது வேறொரு செடியாகியிருக்கும். ஆகவே காய்ந்த பாசியெல்லாம் செத்த பாசியல்ல. உரம் போட்டால் அது நேரே அந்த மெல்லிய இலைமேல் விழுந்து எரிக்கும் என்பதும், மண்ணை நனைப்பதைவிட இலையை நனைப்பதே முக்கியம் என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

வளர்ப்பவரின் கண்ணுக்குப் பாசி இரண்டு வகை. ஒன்று நிமிர்ந்து வளர்ந்து மெத்தை போலக் குவிவது. மற்றது கிளைவிட்டுத் தரையோடு படர்ந்து விரிப்புப் போலப் பரவுவது. மெத்தைப் பாசி அழகானது. ஆனால் மெதுவாக வளரும், எப்போதும் ஈரமாகவே வைத்திருந்தால் அடியிலிருந்து கறுத்து அழுகும். படரும் பாசி ஈரத்தைத் தாங்கும், வெட்டிய இடத்தை விரைவில் மூடும், கல்லையும் கட்டையையும் தானே பற்றிக்கொள்ளும். முதன்முறை முயல்பவர் படரும் வகையிலேயே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. பொகோனேற்றத்தின் மீது ஆசைப்பட்டு முதலில் அதையே பிடுங்கி வந்து நட்டவர்களில் நானும் ஒருவன், ஒன்றும் மிஞ்சவில்லை.

சேகரிப்பதில் ஒரேயொரு விதியை மட்டும் மீறக் கூடாது: கல்லிலிருந்து எடுத்ததைக் கல்லிலும், மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணிலும், மரப்பட்டையிலிருந்து எடுத்ததைக் கட்டையிலும் வைக்க வேண்டும். சீமெந்து மதிலில் வளர்ந்த பாசி சுண்ணாம்புத் தன்மைக்குப் பழகியது. அதைப் புளிப்பான தேயிலை மண்ணில் வைத்தால் வாடும். நிழலில் வளர்ந்ததை நிழலுக்கும், அரைவெயிலில் வளர்ந்ததை அரைவெயிலுக்கும் கொண்டுசெல்வதும் இதனோடு சேர்ந்ததே. எனவே தூரத்துக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. உங்கள் வீட்டு வடிகானோரத்திலும் பின்மதிலிலும் உள்ளதே உங்கள் வீட்டுக் காற்றுக்கு ஏற்றது. ஹோர்ட்டன் சமவெளி போன்ற தேசிய பூங்காக்களிலிருந்தும், ஹக்கல முதலிய இயற்கை ஒதுக்கிடங்களிலிருந்தும் எந்தத் தாவரத்தையும் எடுப்பது சட்டத்துக்கு மாறானது. களைக்கொல்லி அடித்த தேயிலை மலையில் எடுப்பதும் வீண்வேலை.

மே மாதத்தில் தென்மேல் பருவமழை தொடங்கிய பின்னர், மழைவிட்ட ஒரு காலைப்பொழுதில் எடுப்பது நல்லது. மழுங்கிய மேசைக்கத்தியைப் பாசிக்கு அடியில் படுக்கையாகச் செலுத்தி, உள்ளங்கையளவு துண்டை அரை அங்குல மண்ணோடு பெயர்க்கவும். ஓரிடத்தில் இருப்பதில் காற்பங்குக்கு மேல் எடுக்காமல் விட்டால் அந்த இடம் மீண்டும் மூடிக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் துண்டைக் கவிழ்த்து, அட்டை, நத்தைக்குஞ்சு, புல்வேர் எதுவும் இல்லையென்று பார்க்க வேண்டும். அட்டையைப் பார்க்காமல் இஸ்தோப்புக்குள் கொண்டுவந்தவருக்கு வீட்டில் கிடைக்கும் மரியாதையை நான் விவரிக்க விரும்பவில்லை.

தட்டுக்கு ஆழம் தேவையில்லை. மூன்று அங்குல உயரமுள்ள களிமண் சட்டியோ, அடியில் துளையிட்ட பழைய பிளாஸ்டிக் பேசினோ போதும். தேயிலைக்கு உகந்த மண்ணின் பி.எச். பெறுமானம் 4.5 முதல் 5.5 வரை, மண்ணில் வளரும் மலைநாட்டுப் பாசிகள் பலவும் இத்தகைய புளிப்பு மண்ணையே விரும்புவதால், நம் கொல்லை மண்ணையே பயன்படுத்தலாம். உரமோ டொலமைட்டுச் சுண்ணாம்போ அண்மையில் இடப்பட்ட மண்ணாக மட்டும் அது இருக்கக் கூடாது. மண்ணைச் சலித்து, கால்பங்கு ஆற்றுமணல் கலந்து, தட்டில் நிரப்பி, உள்ளங்கையால் அழுத்தி இறுக்க வேண்டும். காய்கறிப் பாத்திக்கு மண்ணைப் பொலபொலவென்று ஆக்குவோம்; பாசிக்கு அதற்கு நேர்மாறாக, இறுகிய மட்டமான தரை வேண்டும்.

நடுவது என்பதே இங்கு இல்லை, பதிப்பதுதான். தரையை நன்றாக நனைத்து, முள்ளுக்கரண்டியால் மேற்பரப்பை இலேசாகக் கீறி, பாசித் துண்டின் அடிமண்ணைச் சற்று உதிர்த்துவிட்டு, தரைக்கும் பாசிக்கும் இடையில் காற்று நிற்காதபடி கையால் அழுத்த வேண்டும். துண்டுகளின் ஓரங்களை ஒன்றோடொன்று நெருக்கி, வெளிப்புற ஓரத்தில் மண் அணைத்துவிட்டால் ஓரம் காய்வது குறையும். இதன்மேல் கிழிந்த நுளம்பு வலைத் துண்டொன்றை இழுத்து விரித்து நான்கு மூலையிலும் கல் வைப்பது என் வழக்கம். பாசியை அது தரையோடு பிடித்து வைக்கும். அதைவிட முக்கியமாக, கோழிகள் கிளறாமல் தடுக்கும். நான்கு முதல் ஆறு வாரங்களுக்குப் பின் வலையை நீக்கி, விரல்நுனியால் ஓரத்தை மெல்ல உயர்த்திப் பாருங்கள். மண்ணைவிட்டு எழ மறுத்தால் பிடித்துவிட்டது என்று பொருள். எழுந்துவிட்டால் மீண்டும் அழுத்தி வலையைப் போட வேண்டும்.

பாசியைத் தயிரோடோ மோரோடோ அரைத்துச் சுவரில் பூசினால் முளைக்கும் என்ற யோசனை எங்கும் சொல்லப்படுகிறது. நானும் ஒரு கோப்பை மோரில் கரைத்துத் தொட்டிச் சுவரில் பூசினேன். நான்காம் நாள் வெள்ளைப் பூஞ்சணமும், ஐந்தாம் நாள் அதை நக்க வந்த பூனையும்தான் கிடைத்தன. பாசிக்குப் பாலின் சத்து தேவையில்லை, பூஞ்சணத்துக்கே தேவை. துணுக்கிலிருந்து வளர்க்க விரும்பினால், பாசியை நிழலில் உலர்த்தி, கையால் தேய்த்துப் பொடியாக்கி, இறுக்கிய ஈரமண்ணில் தூவி, உள்ளங்கையால் அழுத்தி, தண்ணீர் புகைபோலத் தெளித்தால் போதும். பாசியின் சிறு துணுக்குக்கூடப் புதுச் செடியாகும் ஆற்றல் உடையது. முதலில் பச்சை நூல்கள் போன்ற மெல்லிய படலம் தோன்றும். அதை அல்கா என்று நினைத்துச் சுரண்டிவிடக் கூடாது. தண்டும் இலையும் தெரிய இரண்டு மூன்று மாதங்களாவது பொறுக்க வேண்டும்.

இனித் தண்ணீர். பீலித் தண்ணீரோ மழைத்தண்ணீரோ கிடைப்பவர்கள் வேறொன்றையும் தேட வேண்டாம். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை அகன்ற வாளியில் ஓரிரவு திறந்து வைத்தபின் தெளிக்கலாம். கூரைத் தண்ணீரைப் பிடிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: புதிதாகப் போட்ட தகரத்தின் நாகப் (துத்தநாகப்) பூச்சிலிருந்து கரைந்துவரும் நாகம் பாசிக்கு நஞ்சு. எங்கள் புதுத் தகரத்தின் கீழ் வைத்த தட்டில், சொட்டு விழுந்த வரிசை மட்டும் கோடு கிழித்ததுபோல் வெளுத்துப்போனது.

எத்தனை முறை தெளிப்பது என்பதை நாட்காட்டி சொல்லாது, காற்றுத்தான் சொல்லும். ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 16 பாகை செல்சியஸாக உள்ள நுவரெலியாவில் ஆண்டின் பெரும்பகுதி பாசி தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். சிக்கல் ஜனவரி முதல் மார்ச் வரை, இரவில் உறைபனியும் பகலில் மேகமற்ற வெயிலும் வரும்போதுதான். ஊவாப் பக்கத்தில், பதுளையிலும் பண்டாரவளையிலும், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வீசும் வறண்ட காற்றே எதிரி. இக்காலங்களில் தட்டை நிழல் விழும் சுவரோரமாகவோ பெரிய இலைச் செடியின் அடியிலோ நகர்த்தி, படரும் பாசிக்குக் காலையில் ஒருமுறை முழுதாக நனையும்படி தெளிக்கவும். மெத்தைப் பாசியை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை காயவிட்டே நனைக்க வேண்டும். நண்பகலில் சில சொட்டு மட்டும் தெளிப்பது மிகக் கெட்ட பழக்கம். விழித்தெழுந்த பாசி உணவு தயாரிக்கத் தொடங்குமுன் மீண்டும் காய்ந்து, சேமித்த சக்தியை இழக்கிறது. ஒன்றில் நன்றாக நனைக்க வேண்டும், இல்லையேல் காயவே விட வேண்டும்.

ஜாம் போத்தலில் வளர்ப்பவர்கள் அடியில் சிறு கற்களும் கரித்தூளும் அதன்மேல் மண்ணும் இட்டு, பாசியைப் பதித்து, யன்னலோர வெளிச்சத்தில் வைக்கலாம். நேரடி வெயில் பட்டால் மூடிய போத்தல் ஒரே மதியத்தில் பாசியை அவித்துவிடும். கண்ணாடியில் நாள் முழுவதும் நீர்த்துளி நின்றால் மூடியைச் சில மணிநேரம் திறந்து வைக்கவும்.

மார்க்கன்சியா என்ற தட்டையான, தோல் போன்ற பச்சைச் செடி தட்டுக்குள் வந்தால் அன்றே பிடுங்க வேண்டும், ஒரு பருவத்தில் அது பாசியை மூடிவிடும். பூஞ்சணம் வந்தால் அந்தத் துண்டை வெட்டியெடுத்து, தட்டைக் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றிச் சில நாள் தண்ணீரை நிறுத்துங்கள். உதிர்ந்த இலைகளை மென்மையான தூரிகையால் அகற்றுவதைத் தவிர வேறு பராமரிப்பு இல்லை.

மழைக்காலத்தின் பிற்பகுதியில் மெல்லிய காம்புகளின் நுனியில் பழுப்புநிற வித்திப் பைகள் எழுந்து நிற்கும். அவற்றைக் கத்தரிக்காமல் விட்டால் வித்திகள் பக்கத்துச் சட்டிகளிலும் விழும். தட்டு நிறைந்து பாசி விளிம்பைத் தாண்டும்போது, நடுவிலிருந்து உள்ளங்கையளவு வெட்டி அடுத்த தட்டுக்கு மாற்றி, வெட்டிய குழியில் அதே மண்ணை இட்டு இறுக்கிவிடுங்கள். படரும் வகையானால் அடுத்த மழைக்காலத்துக்குள் அந்தக் குழி இருந்த இடம் தெரியாது.