ரிப்போர்ட் எல்லாம் நார்மல், வலி மட்டும் போகவில்லை: எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாப்பிட்டு அரை மணி நேரத்தில் மேல்வயிற்றைப் பிடித்து முறுக்குகிறது. சில சமயம் முதுகு வரை இழுக்கிறது. ஓரிரு மணி நேரம் படுத்தி எடுத்துவிட்டுத் தானாக அடங்கிவிடுகிறது. ஸ்கேன் எடுத்தால் நார்மல், எண்டோஸ்கோபியும் நார்மல். இரைப்பை பைபாஸ் (இதய பைபாஸ் அல்ல; எடை குறைக்கச் செய்வது) செய்து நன்றாக எடை குறைந்து, எல்லாம் முடிந்தது என்று நிம்மதியாக இருக்கும் காலத்தில்தான் இது பெரும்பாலும் ஆரம்பிக்கும். ‘காரணம் தெரியாத வலி’ என்று கோப்பில் ஒருமுறை ஏறிவிட்டால், அடுத்து வரும் ஒவ்வொரு வலியையும் அதே கணக்கில்தான் சேர்ப்பார்கள். நோயாளியும் பழகிப்போய் ‘வழக்கமான வலிதான்’ என்று இருந்துவிடுவார். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

வலி இல்லாத நாளில் எடுத்த ஸ்கேனை நம்புவது

பைபாஸில் சிறுகுடலை வெட்டி, ஒரு முனையை மேலே தூக்கி, சிறிய இரைப்பைப் பையோடு இணைக்கிறார்கள். குடலோடு சேர்ந்து அதைத் தாங்கும் சவ்வும் இடம் மாறுவதால் வயிற்றுக்குள் புதிய இடைவெளிகள் உண்டாகின்றன. குடலும் குடலும் இணையும் இடத்தில் ஒன்று இருக்கும். மேலே தூக்கிய குடலுக்குப் பின்புறம் இன்னொன்று. பல அறுவை நிபுணர்கள் இவற்றைத் தைத்து மூடிவிடுகிறார்கள். ஆனால் எடை இறங்கும்போது அந்தச் சவ்வில் உள்ள கொழுப்பும் கரைகிறது. மூடிய இடம்கூடத் தளர்ந்து மறுபடி வாய் திறக்கலாம். அதற்குள் குடல் நழுவிப்போய் மாட்டிக்கொள்வதுதான் உள் குடலிறக்கம். வெளியே எந்தப் புடைப்பும் தெரியாது.

மாட்டிய குடல் பல முறை தானாகவே விடுபட்டுவிடும். வலி போய்விடும். மறுநாள் நிதானமாகப் போய் சிடி ஸ்கேன் எடுத்தால் பார்க்க அங்கே ஒன்றும் இருக்காது. அதனால் வலி இருக்கும்போதே போக வேண்டும். ரத்தக்குழாயில் மருந்து செலுத்தி எடுக்கும் சிடியை அப்போதே எடுக்க வேண்டும். குடலுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுழி போல முறுக்கிக்கொண்டிருப்பதுதான் தேட வேண்டிய அடையாளம். பைபாஸ் செய்தவர்களின் படங்களைப் பார்த்துப் பழகிய கண் இல்லாவிட்டால் அது தப்பிப்போகும். வலியின் நடுவில் எடுத்த சிடிகூடச் சிலருக்குச் சுத்தமாகவே வரும். வலி திரும்பத் திரும்ப வந்தால், சிடி என்ன சொன்னாலும், லேப்ராஸ்கோபி மூலம், அதாவது சிறு துளை வழியாகக் கேமராவை விட்டு, உள்ளே நேரில் பார்ப்பதுதான் சரியான அடுத்த படி. ‘ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லாதபோது எதற்கு ஆபரேஷன்’ என்று தயங்குவது புரிகிறது. ஆனால் மாட்டிய குடல் விடுபடாமல் போனால், ரத்த ஓட்டம் நின்று சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்கிவிடும்.

‘வாந்தி இல்லையே, அடைப்பாக இருக்காது’ என்ற கணிப்பும் இங்கே செல்லாது. பைபாஸில் ஒதுக்கப்பட்டு உணவு போகாத குடல் பகுதியில் அடைப்பு விழுந்தால் வாந்தி வராமலே இருக்கலாம். கர்ப்பிணிகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வளரும் கருப்பை குடலை மேலே தள்ளுவதால், கடைசி மாதங்களில் உள் குடலிறக்கம் வரும் வாய்ப்பு கூடுகிறது. நெஞ்செரிச்சல், பொய்வலி என்று அதை ஒதுக்கிவிடுவது எளிது. மகப்பேறு மருத்துவரிடம் ‘எனக்கு பைபாஸ் ஆகியிருக்கிறது’ என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள்.

தலைவலிக்கும் மூட்டுவலிக்கும் பழைய மாத்திரையையே போடுவது

ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சென் ஆகியவை இரைப்பைப் பையும் குடலும் சேரும் இடத்தில் புண்ணை உண்டாக்கும். குடலின் உட்சுவர் அமிலத்துக்குப் பழகியதல்ல. இணைப்பு விளிம்பில் ரத்த ஓட்டமும் குறைவு. இந்த மருந்துகள் சுவரைக் காக்கும் சுரப்பையும் நிறுத்திவிடுகின்றன. ‘மாத்திரைதானே கெடுதல், ஊசியாகப் போட்டுக்கொள்கிறேன்’ என்பது பரவலான தவறு. மருந்து ரத்தம் வழியாகப் போயும் அதே வேலையைத்தான் செய்யும். வலிக்குப் பொதுவாகப் பாரசிட்டமால்தான் முதல் தேர்வு. இதயத்துக்காக ஆஸ்பிரின் எழுதித் தந்திருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள்; அமிலத்தைக் குறைக்கும் மருந்தும் சேர்க்க வேண்டுமா என்று கேளுங்கள்.

புகைபிடிப்பதும் அதே அளவு கெடுதல். தினம் ஒன்றிரண்டுதான் என்ற சமாதானம் புண்ணுக்குத் தெரியாது. புண் இருப்பது உறுதியானால் இரைப்பைப் புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் கிருமி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பலரும் கவனிக்காத ஒரு விஷயம்: அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் வகைக் கேப்சூலை முழுதாக விழுங்கினால், பைபாஸ் ஆனவர்களின் சிறிய பையிலும் குறுகிய பாதையிலும் அது சரியாகக் கரைந்து உறிஞ்சப்படாமல் போகலாம். கேப்சூலைத் திறந்து உள்ளே இருக்கும் மணிகளை மட்டும் விழுங்கும்போது புண் சீக்கிரம் ஆறுகிறது. மணிகளை மெல்லவோ பொடிக்கவோ கூடாது. உங்கள் மருந்தைத் திறக்கலாமா என்று மருந்தாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரை வடிவில் வருவதை உடைக்கக் கூடாது. வலி நின்றதும் மருந்தையும் நிறுத்திவிடுவது அடுத்த தவறு. புண் ஆறியதை மறு எண்டோஸ்கோபியில் பார்த்த பிறகே அளவைக் குறைக்க வேண்டும்.

ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி நீக்கி, மீதியைக் குழாய் போலாக்கும் அறுவை) செய்தவர்களின் கதை வேறு. அவர்களுக்கு இரைப்பைக் குழாயின் நடுவில் வளைவு சுருங்கியோ முறுக்கியோ இருக்கலாம். எண்டோஸ்கோபிக் குழாய் அந்த வளைவை எளிதாகத் தாண்டிவிடுவதால் ‘அடைப்பு இல்லை’ என்று எழுதிவிடுவார்கள். பேரியம் கரைசலைக் குடிக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரே படத்தில்தான், உணவு அங்கே தயங்கி நிற்பது தெரியும்.

அறுவைக்கு முன் எடுத்த அல்ட்ராசவுண்டைக் காட்டுவது

வேகமாக எடை இறங்கும் முதல் 6 மாதங்களில்தான் பித்தப்பைக் கல் அதிகம் உருவாகிறது. அறுவைக்கு முன் இல்லாத கல் இப்போது இருக்கலாம். வலது விலா அடியில் தொடங்கி வலது தோள்பட்டைக்கு ஏறும் வலி என்றால் புதிதாக ஒன்று எடுத்துப் பாருங்கள்.

வயிற்றுச் சுவரை மறந்து வயிற்றுக்குள்ளேயே தேடுவது

ஒற்றை விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில் வலி இருக்கிறதா? மல்லாந்து படுங்கள். அந்த இடத்தை விரல் நுனியால் அழுத்திக்கொண்டே, கையை ஊன்றாமல் தலையையும் தோளையும் சற்று உயர்த்துங்கள். வயிற்றுத் தசை இறுகும்போது வலி கூடினால், அல்லது அப்படியே இருந்தால், கோளாறு பெரும்பாலும் சுவரில்: தழும்பின் அடியில் சிக்கிய நரம்பு, அல்லது கருவி நுழைத்த துளையில் உண்டான சிறு குடலிறக்கம். தசை இறுகியதும் வலி குறைந்தால் கோளாறு உள்ளே இருக்க வாய்ப்பு அதிகம். சிக்கிய நரம்பாக இருந்தால், அந்தப் புள்ளியில் மரத்துப்போகும் மருந்தை ஊசியாகப் போட்டதும் சில நிமிடங்களில் வலி விடும். அந்த ஊசியே நோயையும் உறுதிசெய்துவிடுகிறது. ஐந்து நிமிடத்தில் செய்யக்கூடிய இந்தச் சோதனையைச் செய்யாமலேயே எத்தனையோ பேர் ஸ்கேன் மேல் ஸ்கேனாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

‘சாப்பிட்டால் வலிக்கிறது’ என்று மட்டும் சொல்வது

எப்போது வலிக்கிறது என்பதில்தான் துப்பு இருக்கிறது. விழுங்கும்போதே நெஞ்சுக்கூட்டின் நடுவில் அடைத்தால் வேகமாகச் சாப்பிட்டிருக்கலாம், அல்லது இணைப்பு குறுகியிருக்கலாம். இனிப்புச் சாப்பிட்டு 10 முதல் 30 நிமிடத்தில் பிசைந்து, படபடத்து, வயிற்றோட்டம் போனால் அது டம்பிங், அதாவது உணவு மிக வேகமாகக் குடலில் இறங்கிவிடுவதால் வரும் தொல்லை. வெறும் வயிற்றில் எரிந்தால் புண்ணைச் சந்தேகிக்கலாம். விலாவுக்குக் கீழே பக்கவாட்டில் தொடங்கி அடிவயிற்றுக்கு இறங்கினால் சிறுநீரகக் கல்; பைபாஸுக்குப் பின் அதுவும் கூடுகிறது.

இரண்டு வாரம் குறிப்பெழுதுங்கள். இப்படி இருந்தால் போதும்: ‘செவ்வாய், 1.20. முட்டை ஒன்று, 10 நிமிடத்தில் சாப்பிட்டேன். 1.50-க்கு இடது மேல்வயிற்றில் முறுக்கல், 10-க்கு 7, முதுகுக்குப் போனது. முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. 3.00-க்கு விட்டது. மலம் கழித்து 3 நாள்.’ கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். குறைவாகச் சாப்பிட்டு, குறைவாகத் தண்ணீர் குடித்து, கூடவே இரும்புச்சத்து மாத்திரையும் போட்டால் மலச்சிக்கலே போதுமான வலியைத் தரும். நாளுக்கு 1.5 லிட்டருக்குக் குறையாமல், உணவோடு சேர்க்காமல் சிறுசிறு மடக்காகக் குடித்தாலே பாதிப் பேருக்குக் குழப்பம் தெளியும் என்பது எங்கள் எண்ணம்.

ஓபியாய்டு மாத்திரையில் காலம் தள்ளுவது

டிரமடால் போன்ற ஓபியாய்டுகள் (அபின் வகை வலி மருந்துகள்) முதலில் வலியை மறைக்கும், பிறகு குடலை மந்தமாக்கும். நாள்பட எடுத்தால் அந்த மருந்தே வயிற்று வலிக்குக் காரணமாகி, அளவைக் கூட்டக் கூட்ட வலியும் கூடும். இன்னொரு பக்கம், எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகும் சிலருக்கு வலி நீடிக்கும். நரம்புகளே கூர்மையாகிப்போன வலி அது. அப்போது வலி சிகிச்சை நிபுணரிடம் அனுப்பினால் ‘மனப் பிரச்சினை என்கிறார்கள்’ என்று கோபிக்க வேண்டியதில்லை. ஆனால் லேப்ராஸ்கோபிவரை எதையும் பார்க்காமலே அந்த முத்திரையைக் குத்தினால் ஒப்புக்கொள்ளவும் வேண்டாம்.

வெறுங்கையோடு அவசரப் பிரிவுக்குப் போவது

ஓரிரு மணி நேரத்தில் அடங்காத கடும் வலி, விடாத வாந்தி, வாயு பிரியாமை, கறுப்பு மலம், காய்ச்சல் என எது வந்தாலும் காத்திருக்க வேண்டாம். அறுவை முடிந்த முதல் வாரங்களில், ஓய்வாக இருக்கும்போதே நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டி நின்றால் தையல் கசிவைச் சந்தேகிக்க வேண்டும்; வலி லேசாக இருந்தாலும் சரி.

பணியில் இருக்கும் மருத்துவருக்கு உங்கள் வயிற்றின் அமைப்பு தெரியாது. கைப்பையில் ஒரு தாள் இருக்கட்டும்: என்ன அறுவை, எந்தத் தேதி, சவ்வு இடைவெளிகள் மூடப்பட்டனவா, பித்தப்பை இருக்கிறதா, அறுவை செய்தவரின் எண். அதன் அடியில் இரண்டு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: ‘அழற்சி எதிர்ப்பு வலி மருந்து (ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை) எந்த வடிவிலும் வேண்டாம். பல நாள் வாந்தி இருந்தால், குளுக்கோஸ் ஏற்றும் முன் தயாமின் கொடுக்கவும்.’ இந்தக் கடைசி வரி வலிக்காக அல்ல. வாரக்கணக்கில் வாந்தி எடுத்தவரின் உடலில் தயாமின் (வைட்டமின் பி1) வற்றியிருக்கும். அந்த நிலையில் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மூளையைத் தாக்கி, நடை தள்ளாடி, பார்வை இரட்டையாகி, நினைவும் குழம்பிவிடலாம்.