மார்க்கிலிருந்து டப்ளின் கோருக்கு: ஆண்டுச் சிக்கல் தீர்ந்த விதம்

நூலகப் பட்டியல் விவரங்களைக் கணினியில் எழுதும் மார்க் 21 வடிவத்தில் இருந்த எங்கள் நூலகப் பதிவுகளை, எளிய விவர வடிவமான டப்ளின் கோருக்கு மாற்றி இன்னொரு களஞ்சியத்துக்கு அனுப்பினோம். தலைப்பு, ஆசிரியர் எல்லாம் ஒழுங்காகப் போய்விட்டன. ஆண்டுதான் படுத்திவிட்டது. மார்க் பதிவில் வெளியீட்டு விவரம் எழுதும் பகுதியான 260ஆம் புலத்தில் "[1965?]", "1998." என்று மனிதர்கள் படிப்பதற்காக எழுதியிருந்ததை அப்படியே அனுப்பியதால், அங்கே கால வரிசையே குலைந்தது.

சரி என்று, கணினி படிப்பதற்காகக் குறியீடுகளாக எழுதும் 008ஆம் புலத்துக்குப் போனேன். அதில் 7 முதல் 10 வரையான இடங்களில் நிறுத்தக்குறி எதுவும் இல்லாமல் நான்கு இலக்க ஆண்டு இருக்கும். ஆனால் அது எந்த வகை ஆண்டு என்று சொல்லும் 6ஆம் இடத்தையும் பார்த்தே ஆக வேண்டும். அங்கே 'ஆர்' (r) என்றிருந்தால் அது மறுபதிப்பு. மூல ஆண்டு 11 முதல் 14 வரை இருக்கும். எதை அனுப்புவது? கையிலுள்ள பதிப்பின் ஆண்டையே அனுப்புவது என்று இரு தரப்பும் பேசி, எந்தப் புலம் எங்கே போகும் என்று சொல்லும் மேப்பிங் ஆவணத்தில் எழுதிவைத்தோம். எனக்குப் பதிவுகளை மாற்றும் ஸ்கிரிப்டைவிட அந்த ஒரு வரிதான் முக்கியம். அப்புறம் அனுப்பிய பதிவுகள் வரிசையாக நின்றன. '196யூ' (196u) போல இலக்கம் தெரியாதவற்றை மட்டும் தனியே பிரித்துக் கையால் பார்க்கிறோம்.