சிங்கிள் பேஸ் இணைப்பில் த்ரீ பேஸ் சி.என்.சி. மில்லிங் இயந்திரத்தை இயக்கும் முறை

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை பக்கங்களில் தேயிலைத் தொழிற்சாலைக்குள் த்ரீ பேஸ் மின்சாரம், அதாவது மூன்று உயிர்க் கம்பிகளில் வரும் மின்சாரம், இருக்கும். அதே தோட்டப் பாதையின் ஓரத்தில் வீட்டோடு ஒட்டி நிற்கும் பட்டறைக்கு ஒரே உயிர்க் கம்பியில் வரும் 230 வோல்ட் சிங்கிள் பேஸ்தான் வந்து சேரும். லக்சபான மின் நிலையங்களுக்கு இவ்வளவு அருகில் இருந்துகொண்டு இப்படியா என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால், இங்கே வித்தியாசத்தை உண்டாக்குவது மின் நிலையத்தின் தூரம் அல்ல, நம் வாசலுக்கு எத்தனை கம்பிகள் இழுக்கப்பட்டிருக்கின்றன என்பதே. பாதையில் த்ரீ பேஸ் லைன் போகிறதென்றால் இந்த வழிகாட்டி உங்களுக்குத் தேவையில்லை. உங்கள் பிரதேச மின்சார அலுவலகத்தில் விண்ணப்பிப்பதே எல்லாவற்றிலும் நல்ல வழி. புதிதாகக் கம்பம் நட்டு லைன் இழுக்கும் செலவு இயந்திரத்தின் விலையை நெருங்கும்போதுதான் மற்ற வழிகளைப் பார்க்க வேண்டும்.

பழைய சி.என்.சி. மில்லிங் இயந்திரம் (கணினிக் கட்டுப்பாட்டில் உலோகத்தை வெட்டிச் செதுக்கும் இயந்திரம்) ஒன்றை வாங்கியவர்களில் பலர், இயந்திரம் முழுவதற்கும் த்ரீ பேஸ் தயாரித்துக் கொடுக்க முனைகிறார்கள். அது பெரும்பாலும் தேவையற்ற செலவு. மின் பெட்டியைத் திறந்து பார்த்தால், உள்ளே இருப்பது ஒரே சுமை அல்ல என்பது தெரியும். வெட்டும் டூலைச் சுழற்றும் ஸ்பிண்டில் மோட்டருக்கு மெய்யாகவே மூன்று பேஸ் வேண்டும். கூலன்ட் பம்பும் அப்படித்தான், ஆனால் அது மிகச் சிறியது. அச்சுகளை நகர்த்தும் சேர்வோ டிரைவ்களில் (மோட்டரை இயக்கும் மின்னணுக் கருவிகளில்), 750 வாட் வரையிலான பல, 200 முதல் 230 வோல்ட் வரையிலான சிங்கிள் பேஸையும் ஏற்கும். கொன்ட்ரோலருக்கான ட்ரான்ஸ்போமரோ எப்படியும் இரண்டு கம்பிகளிலிருந்துதான் மின்சாரம் எடுக்கிறது. ஆகவே, சுற்று வரைபடத்தை வைத்துக்கொண்டு, மூன்று கம்பிகளும் எங்கெங்கே போகின்றன, இரண்டு மட்டும் எங்கெங்கே போகின்றன என்று குறித்துக்கொள்வதுதான் முதல் வேலை. ஸ்பிண்டிலுக்கு வேண்டிய மூன்று பேஸை வி.எஃப்.டி. கொடுக்கும். சிங்கிள் பேஸை வாங்கி த்ரீ பேஸாக மாற்றி, அதன் அதிர்வெண்ணை (ஹேர்ட்ஸ்) கூட்டிக் குறைத்து மோட்டரின் வேகத்தையும் கட்டுப்படுத்தும் கருவி அது.

அடுத்து ஸ்பிண்டில் மோட்டரின் தகட்டைத் துடைத்துப் படியுங்கள். 230/400 வோல்ட், டெல்டா/ஸ்டார் (மோட்டரின் கம்பிச் சுருள்களை இணைக்கும் இரு முறைகள்) என்று இருந்தால் வேலை எளிது: டெர்மினல் பெட்டியில் ஸ்டாருக்குப் போட்டிருக்கும் பித்தளைத் தகடுகளைக் கழற்றி டெல்டாவுக்கு மாற்றிவிட்டால், அதே மோட்டர் 230 வோல்ட் த்ரீ பேஸில் முழு வலுவோடு ஓடும், மின்னோட்டம் மட்டும் சுமார் 1.73 மடங்காகும். 400/690 என்று இருந்தால், அது டெல்டாவிலேயே 400 வோல்ட் கேட்கும் மோட்டர். அதை 230 வோல்ட்டில் ஓட்டினால், ஏறத்தாழ 29 ஹேர்ட்ஸ் வரைதான் முழு முறுக்கு (சுழற்றும் வலு) கிடைக்கும். அதற்கு மேல் வேகம் ஏற ஏற முறுக்கு குறைந்துகொண்டே போகும். ஸ்டார் இணைப்பு மோட்டருக்குள்ளேயே கட்டப்பட்டு மூன்று கம்பிகள் மட்டும் வெளியே வந்திருந்தால், மோட்டர் சுற்றும் தேர்ந்த கைகாரர் ஒருவரைக் கொண்டு அந்த முடிச்சைப் பிரித்து ஆறு கம்பிகளையும் வெளியே எடுக்கலாம். ஜப்பானிலிருந்து வந்த இயந்திரம் என்றால் மோட்டர் பெரும்பாலும் 200 வோல்ட்டுக்கானது, அதற்கு வி.எஃப்.டி.யின் வெளியீட்டை அந்த அளவுக்கே அமைக்க வேண்டும்.

சிங்கிள் பேஸை வாங்கி த்ரீ பேஸாகக் கொடுக்கும் வி.எஃப்.டி.கள் 2.2 கிலோவாட் வரை எளிதில் கிடைக்கின்றன. அதற்கு மேற்பட்ட மோட்டருக்கு, த்ரீ பேஸ் உள்ளீடு கொண்ட பெரிய வி.எஃப்.டி. ஒன்றைச் சிங்கிள் பேஸில் ஓட்டலாம். ஆனால், அதன் அளவை மோட்டரைப் போல இரு மடங்காக எடுக்க வேண்டும். ஒரு பேஸ் இல்லை என்று அது பிழை காட்டி நிற்காது என்பதையும் வாங்கும் முன்பே கையேட்டில் உறுதிசெய்ய வேண்டும். மலைநாட்டில் இன்னொரு கணக்கும் உண்டு. பெரும்பாலான வி.எஃப்.டி.கள் கடல்மட்டத்திலிருந்து 1,000 மீற்றர் வரைக்கே முழு அளவில் மதிப்பிடப்பட்டவை. அதற்கு மேல் ஒவ்வொரு 100 மீற்றருக்கும் சுமார் 1 சதவீதம் குறைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் ஐதான காற்று சூட்டைக் குறைவாகவே எடுத்துச் செல்லும். ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அது 9 சதவீதம் அளவுக்கு வரும். குளிர்தான் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். அந்தக் குளிரோடு வரும் பனிமூட்டம் இரவில் பெட்டிக்குள் ஈரமாகப் படியும். பெட்டிக்குள் சிறிய ஹீட்டர் ஒன்றை வைப்பதும், காலையில் கதவைத் திறந்து பார்த்த பின்பே சுவிட்சைப் போடுவதும் நல்ல பழக்கங்கள்.

வி.எஃப்.டி.க்கும் மோட்டருக்கும் இடையே பழைய கொன்டெக்டரை (சிக்னல் வந்ததும் மோட்டருக்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்சை) விட்டுவைக்கக் கூடாது. ஓடும்போது அது விடுபட்டால் வி.எஃப்.டி.யின் வெளியீட்டுப் பகுதி பழுதாகலாம். முன்பு அந்தக் கொன்டெக்டர்களை இயக்கிய எம்3, எம்4, எம்5 (முன்னோக்கிச் சுற்று, பின்னோக்கிச் சுற்று, நிறுத்து) சிக்னல்களை வி.எஃப்.டி.யின் முன்னோக்கு, பின்னோக்கு டெர்மினல்களுக்குக் கொண்டு செல்லுங்கள். கொன்ட்ரோலரில் 0 முதல் 10 வோல்ட் வரையிலான வேக சிக்னல் இருந்தால் அதையும் இணைக்கலாம். அவசர நிறுத்தப் பொத்தான் ஸ்பிண்டிலையும் அச்சுகளையும் ஒருசேர நிறுத்த வேண்டும். தகட்டிலுள்ள மின்னோட்டம், வோல்டேஜ், சுற்று வேகம் ஆகியவற்றை அமைப்புகளில் பதிந்த பிறகே மோட்டரை ஓட்டுங்கள். மோட்டர் கேபிள் உலோக உறை உள்ளதாக இருக்க வேண்டும்; மோட்டரின் நிலையைக் கொன்ட்ரோலருக்குச் சொல்லும் என்கோடர் கம்பிகளின் அருகே அது செல்லக் கூடாது. மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளேயுள்ள கெபாசிட்டர்களில் உயிரைப் பறிக்கும் மின்சாரம் சில நிமிடங்களுக்கு நிற்கும். கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருந்து, மீற்றரால் அளந்து பார்த்த பின்பே கை வையுங்கள்.

கூலன்ட் பம்பை ஸ்பிண்டிலின் வி.எஃப்.டி.யோடு சேர்த்துக் கட்டாதீர்கள், ஸ்பிண்டில் மெதுவாகச் சுற்றும்போதெல்லாம் பம்பும் சோர்ந்துவிடும். சிங்கிள் பேஸ் பம்ப் ஒன்றை மாற்றி வைப்பதே மலிவு.

தானியங்கி டூல் மாற்றி உள்ள எல்லா இயந்திரங்களுக்கும் இந்த வழி பொருந்தும் என்று சொல்ல முடியாது. டூலைக் கழற்றுவதற்கு ஸ்பிண்டில் ஒரே கோணத்தில் வந்து நிற்க வேண்டும். அதைச் செய்வது இயந்திரத்தின் சொந்த ஸ்பிண்டில் டிரைவ். அதை எடுத்துவிட்டுச் சாதாரண வி.எஃப்.டி. போட்டால் அந்த வசதி போய்விடும். இத்தகைய இயந்திரங்களுக்குச் சுழல் கன்வெர்ட்டர் வேண்டும், அதாவது சுமையின்றிச் சுற்றும் த்ரீ பேஸ் மோட்டர் ஒன்று மூன்றாவது பேஸை உண்டாக்கித் தரும் அமைப்பு. அந்த மோட்டர், இயந்திரத்திலுள்ள மிகப் பெரிய மோட்டரைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். வெளிவருவது 230 வோல்ட்தான். 400 வேண்டுமானால் வோல்டேஜை உயர்த்தும் ட்ரான்ஸ்போமரும் தேவை. பிரேக் போடும்போது மின்சாரத்தை லைனுக்கே திருப்பி அனுப்பும் பழைய டிரைவ்களுக்கு இன்னும் பெரிய கன்வெர்ட்டர் வேண்டும். அந்த நிலையில் இயந்திரத்தை விற்றுவிட்டு வேறொன்று வாங்குவதே மேல் என்பது என் கருத்து.

இணையத்தில் கிடைக்கும் அமெரிக்க வரைபடங்களை அப்படியே பின்பற்றினால் சிக்கல் வரும். அங்கே 240 வோல்ட் என்பது இரண்டு உயிர்க் கம்பிகள். நமக்கு வருவது ஓர் உயிர்க் கம்பியும் ஒரு நியூட்ரலும். எனவே கன்வெர்ட்டரின் வெளியீட்டில் ஒரு கம்பி நியூட்ரல் மட்டத்திலேயே இருக்கும். உண்டாக்கப்படும் மூன்றாவது கம்பியின் வோல்டேஜ் சுமைக்கேற்ப ஏறி இறங்கும். அந்தக் கம்பியில் கொன்ட்ரோலரின் ட்ரான்ஸ்போமரை ஒருபோதும் மாட்டக் கூடாது. நான் ஒருமுறை பார்க்காமல் மாட்டிவிட்டேன். ஸ்பிண்டில் தொடங்கும் ஒவ்வொரு முறையும் திரை அணைந்து மீண்டும் எரிந்தது, அரை நாள் வேலையாக நின்ற பித்தளைத் துண்டு ஒன்று வீணானது.

கடைசியாக, வரும் மின்சாரம். 30 அம்பியர் இணைப்பில் மொத்தம் 6.9 கிலோவோல்ட்-அம்பியர்தான் உண்டு, 2.2 கிலோவாட் வி.எஃப்.டி. முழுச் சுமையில் அதில் 20 அம்பியருக்கு மேல் இழுக்கும். பட்டறைக்குத் தனி பிரேக்கரும் தனி கேபிளும் போடுங்கள். வோல்டேஜை இரவு 7 மணிக்கு, அதாவது உச்சப் பாவனை நேரத்தில், இயந்திரம் ஓடும்போதே அளந்து பாருங்கள். நீண்ட தோட்ட லைனின் கடைசி வீடு என்றால் காலையில் காட்டிய 230 அப்போது இருக்காது. வி.எஃப்.டி.யின் வடிகட்டியிலிருந்து புவிக்கு ஓடும் சிறு கசிவு மின்சாரம் வீட்டின் ட்ரிப் சுவிட்சை விழுத்தலாம். அதற்காக ட்ரிப் சுவிட்சை அகற்றுவது உயிருக்கு ஆபத்து, பட்டறைக்கு வி.எஃப்.டி.க்கு ஏற்ற வகை ட்ரிப் சுவிட்சைத் தனியாகப் போடுவதே முறை. பாறை நிலத்தில் இறக்கிய புவித்தொடுப்புக் கம்பியின் தடையைத் தகுதியுள்ள எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கொண்டு அளப்பித்து, ஏப்ரல் மாத இடிமழைக்கு முன்பே மின்னல் தடுப்பியையும் பொருத்திவிடுங்கள். எல்லாம் முடிந்ததும், டூல் எதுவும் மாட்டாமல், 10 ஹேர்ட்ஸில் ஸ்பிண்டிலைச் சுற்றவிட்டுத் திசையைப் பாருங்கள். தலைகீழாகச் சுற்றினால் மின்சாரத்தை அணைத்து, காத்திருந்து, மோட்டருக்குப் போகும் மூன்று கம்பிகளில் எவையேனும் இரண்டை இடம் மாற்றினால் போதும்.