பழவேற்காட்டில் நடக்க: கோட்டை மேடு, சேறு, பூநாரை

சென்னைக்கு வடக்கே, கடலோடு சேரும் உப்பு ஏரியின் கரையில் உள்ள பழவேற்காட்டில் அம்புக்குறி போட்ட நடைபாதை கிடையாது. மாடு போன தடம், வலை காயப்போடும் மணல் மேடு, அகழியின் வரப்பு, ஏரி வற்றி விட்டுப்போன களர் என்று இவற்றை ஒட்டித்தான் நடக்க வேண்டும். ஆகவே முதலில் பழக வேண்டியது ஒன்றுதான்: சேற்றைப் பார்த்தவுடன் அது தாங்குமா, விழுங்குமா என்று சொல்லத் தெரிய வேண்டும்.

திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர் பக்கத்து ஆட்களுக்கு கும்மிடிப்பூண்டி மின்சார ரயில்தான் வசதி. பொன்னேரியில் இறங்கி, திருப்பாலைவனம் வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடியுங்கள். காட்டுப்பள்ளிப் பக்கமாக பைக்கில் வரலாம்தான், ஆனால் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இருட்டில் ஓட்டிக்கொண்டு வருவது நடைக்கு முன்னாலேயே ஆளை அலுக்க வைத்துவிடும். அதிகாலை முதல் வண்டிகளில் ஒன்றில் ஏறிவிடுங்கள். பத்தரை மணிக்கு மேல் நிழலே இல்லாத கரையில் நிற்க முடியாது.

நல்ல பருவம் ஜனவரியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை. நவம்பர், டிசம்பரில் பறவைகள் வந்துவிடும், ஆனால் வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பி, நடக்கிற இடமெல்லாம் தண்ணீருக்குள் போய்விடும். பூநாரைக்குத் தேவை அதன் கால் எட்டும் ஆழம். தண்ணீர் இறங்க இறங்கத்தான் அவை கூட்டமாகச் சேர்ந்து மேயும். எந்த மாதமானாலும், பெரிய மழை பெய்து இரண்டு மூன்று நாள் ஆகாமல் போகாதீர்கள். மேலே காய்ந்த மாதிரி இருக்கும், கால் வைத்தால் வழுக்கும்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, ஐந்தடி மூங்கில் கழி, கயிறு கட்டும் பழைய கேன்வாஸ் ஷூ. செருப்பு வேண்டாம், முதல் சேற்றிலேயே உள்ளே போய்விடும். வெறுங்காலும் ஆகாது. ஆளி ஓடு பிளேடு மாதிரி கிழிக்கும், சீமைக்கருவேல முள் மெல்லிய ரப்பரைத் துளைத்துக்கொண்டு மேலே வரும்.

இனி சேறு. உமிரிச் செடி சிவந்து படர்ந்திருக்கும் தரை பெரும்பாலும் தாங்கும். அடிக்கடி தண்ணீர் மூடும் இடத்தில் அது அவ்வளவு அடர்த்தியாக வளராது, வேரும் மண்ணைப் பிடித்து வைத்திருக்கும். அலையலையாக வரி விழுந்த மணலும் கெட்டி. கண்ணாடி போலப் பளபளக்கும் கருஞ்சேறு, நண்டு வளைகள் நெருக்கமாக உள்ள இடம் இரண்டையும் சுற்றிக்கொண்டு போங்கள். ஏமாற்றுவது இவை இரண்டும் அல்லாத மூன்றாவது வகை: சாம்பல் நிறத்தில் வெடித்து, மேலே வெள்ளையாக உப்புப் பூத்த தரை. கோடையில் இதன்மேல் மாடு போகும். ஜனவரியிலோ இந்த ஓடு ஒரு விரல் கனம்கூட இருக்காது, அடியில் அழுகிய முட்டை நாற்றத்தோடு கருஞ்சேறு கிடக்கும். கழியை ஒரு கையால் அழுத்துங்கள். ஒரு சாணுக்கு மேல் இறங்கினால் திரும்பிவிட வேண்டும். மாட்டுக் குளம்புத் தடம் நாலு விரற்கடைக்கு மேல் பதிந்திருந்தாலும் அதே கணக்கு.

கால் முழங்கால் வரை போய்விட்டால் இழுக்காதீர்கள். ஒரு காலை இழுக்கும்போது உடம்பு எடை முழுவதும் அடுத்த காலில் இறங்கி அதுவும் புதையும். கழியைப் படுக்க வைத்து, அதைப் பிடித்தபடி பின்பக்கமாக உட்காருங்கள். கணுக்காலை மெல்ல ஆட்டினால் இடைவெளியில் தண்ணீர் இறங்கிப் பிடி தளரும். குதிகாலை முதலில் எடுத்து, வந்த வழியிலேயே தவழ்ந்து வாருங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை.

இத்தனைக்கும் மேலான வழி, கரையில் இருப்பவரைக் கேட்பது. “அண்ணே, இந்தப் பக்கம் கால் புதையுமா? இப்ப ஏத்தமா, வத்தமா?” என்றால் போதும். ஓதம், அதாவது கடல் தண்ணீர், ஏரிக்குள் ஏறும் நேரம் நாளுக்கு முக்கால் மணிக்கு மேல் தள்ளிப்போகும், போன ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு உதவாது. ஏரிக்குள் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதை மீனவர்கள் பாடு முறையில் பங்கு வைத்திருக்கிறார்கள். கம்புகள் நட்டு வலை கட்டிய இடத்துக்குள் நுழைவது அடுத்தவர் வயலில் இறங்குவது போலத்தான். பறி என்னும் மீன்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு இருளர் பெண்கள் கையால் இறால் தடவும் இடத்திலும் தண்ணீரைக் கலக்காமல் தள்ளி நடங்கள்.

காலையில் பாலம் கடந்து லைட்ஹவுஸ் குப்பம் பக்கம் போய்விடுங்கள். அங்கிருந்து மேற்கே பார்த்தால் வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும், பூநாரையின் இறக்கைச் சிவப்பு நிறமாகவே தெரியும். மாலையில் அதே காரணத்துக்காக ஊர்ப்பக்கக் கரை. தலையைத் தண்ணீருக்குள் விட்டு மேய்ந்துகொண்டிருக்கும் கூட்டம் ஒவ்வொன்றாகக் கழுத்தை நிமிர்த்தினால் அப்படியே நின்றுவிடுங்கள். எல்லாம் ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால் இரண்டடி பின்வாங்குங்கள். பறந்துவிட்டால் தப்பு நம்முடையது. ட்ரோன் எடுத்துவரவே வேண்டாம்: இது சரணாலயம், வடக்கே ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் ஏவுதளம்.

ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் இறங்காதீர்கள். மணல் திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். முழங்கால் ஆழமாகத் தெரிவது நாலு அடி தள்ளி ஆளை மூழ்கடிக்கும், வற்றும்போது இழுப்பு கடலை நோக்கி இருக்கும். படகுச் சவாரிக்கு யாராவது கூப்பிட்டாலும் மறுத்துவிடுங்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே சுற்றுலாப் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

வெயில் ஏறியதும் கோட்டைப் பக்கம் வரலாம். டச்சுக்காரர்கள் 1613-இல் எழுப்பிய ஜெல்ட்ரியா கோட்டை இது. 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைமையிடம், வெடிமருந்தும் இங்கே தயாரானது. 1806-இல் ஆங்கிலேயர் இடித்துவிட்டார்கள். கோட்டைக்குப்பம் என்ற பெயர் நிற்கும் அளவுக்குக் கோட்டை நிற்கவில்லை. அகழியின் வெளி வரப்பில் மட்டும் சுற்றி வாருங்கள். உள்ளே கருவேலம் மண்டிக் கிடக்கிறது, விரியனுக்குத் தோதான இடம். சுண்ணாம்புச் சாந்து ஒட்டிய செங்கல் துண்டு காலில் இடறினால் பார்த்துவிட்டு அங்கேயே விடுங்கள்.

டச்சுக் கல்லறையின் வாசலில் இரு புறமும் எலும்புக்கூட்டுச் சிற்பம் உண்டு. உள்ளே கல்லறைப் பலகைகளின் எழுத்து உச்சி வெயிலில் தட்டையாகிவிடும். நாலு மணிக்கு மேல் சாய்வெயில் விழும்போது ஒவ்வொரு வெட்டும் நிழல் கட்டி எழுந்து நிற்கும். படிக்க முடியவில்லையென்று சாக்பீஸ் தேய்க்காதீர்கள், பக்கவாட்டில் செல்போன் விளக்கைப் பிடித்தாலே போதும்.

வீட்டுக்கு வந்த அன்றிரவே ஷூவை நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். உப்போடு காயவிட்டால் அடுத்த நடைக்குள் தையல் இற்றுவிடும்.